கூரையை மூடிவிட்டுத்தான் விலை பேச வேண்டும்

திறந்த கூரைக் காரை விற்க நினைப்பவர் யாரும் அதைக் கூரை மூடி நிறுத்தி வைப்பதில்லை. நல்ல வெயிலாகப் பார்த்து, துடைத்து, கூரையை மடக்கிப் பின்னால் தள்ளி, இருக்கைகள் பளபளக்கும்படி நிறுத்தியிருப்பார். வாங்க வருகிறவரும் அந்தக் கோலத்தைக் கண்டு பாதி மனதைப் பறிகொடுத்துவிடுகிறார். ஆனால் தினமும் வேலைக்குப் போய்வர ஓட்டப்போகிற கார் என்றால், அது பெரும்பாலான நேரம் கூரை மூடியேதான் ஓடும். மழை, கொளுத்தும் நண்பகல், புகை கக்கும் லாரிக்குப் பின்னால் ஊர்ந்துபோகும் நெரிசல், இரவில் தெருவோர நிறுத்தம் என்று எல்லாவற்றிலும் கூரை மேலேதான் இருக்கும். அதனால், தினசரிக்குப் பழைய திறந்த கூரைக் கார் ஒன்றைத் தேடியபோது, பார்க்கப் போன இடத்திலெல்லாம் நான் முதலில் கேட்டது, "கூரையை ஒருமுறை மூடிக் காட்டுகிறீர்களா?" என்பதுதான். அதற்கு வந்த பதில்களிலேயே பல கார்கள் கழிந்துபோயின. ஒருவர், "மழைக்காலத்தில் நான் இதை வெளியே எடுப்பதே இல்லை" என்று பெருமையாகச் சொன்னார். தார்ப்பாய் போர்த்தி நிழலில் வைத்திருந்த கார், பார்க்க அழகாகவே இருந்தது. எனக்கு வேண்டியது மழையிலும் வெளியே எடுக்கக்கூடிய கார்.

வீட்டில் வேறு கார் கிடையாது. சாவியைத் திருப்பினால் காலையில் கிளம்ப வேண்டும். உதிரிபாகம் தேடி அலையக் கூடாது. சாதாரண மெக்கானிக் பயப்படாமல் பானட்டைத் திறக்க வேண்டும். இந்த மூன்றும் தேறிய பிறகுதான் குதிரைத்திறனைப் பற்றிய பேச்சு. இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொண்டு தேடுகிறவர்கள், வாங்கிய காரை விடுமுறை நாள் காராக மாற்றிக்கொண்டு, தினசரிக்கு இன்னொரு கார் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். அது வேறு பொழுதுபோக்கு. அதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை, பணமும் இடமும்தான் இல்லை.

இந்த வகைக் கார்களில் வாங்கும் விலையும் வைத்திருக்கும் விலையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. புதிதாக இருந்தபோது விலை உயர்ந்த கார், இருபது வருடம் கழித்து எவ்வளவு மலிவாகக் கைக்கு வந்தாலும், அதன் உதிரிபாகங்கள் பழைய அந்தஸ்திலேயே இருக்கும். போர்ஷே பாக்ஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 முதல் 2004 வரை வந்த முதல் தலைமுறை, ஓட்டுவதற்கு அற்புதமான வண்டி. ஆறு சிலிண்டர் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு டிக்கிகள். தினசரிக்கு இதைவிட வசதியான இரண்டு இருக்கை கார் குறைவு. ஆனால் அந்த எஞ்சினுக்குள் சுழலும் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங் உடைந்தால் எஞ்சினே போய்விடும் என்பது ஊரறிந்த விஷயம். எல்லாக் கார்களிலும் அது உடைவதில்லை. பேரிங்கை மாற்றிய ரசீதோடு வரும் காரை நிம்மதியாகப் பார்க்கலாம். ரசீது இல்லாத காரை, மாற்றும் செலவையும் விலையோடு கூட்டித்தான் பார்க்க வேண்டும். அப்படிக் கூட்டியபோது என் பட்ஜெட் அதைத் தாங்கவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹோண்டா எஸ்2000, நிமிடத்துக்கு 9,000 சுற்றுவரை பாடும் எஞ்சினோடு 1999 முதல் 2009 வரை வந்தது. இப்போது சேகரிப்பாளர்கள் கைக்குப் போய்விட்டதால் 'மலிவு' என்ற பேச்சுக்கே இடமில்லை. பிஎம்டபிள்யூ இசட்3-யின் ஆறு சிலிண்டர் மாடல்களில் பின் டிஃபரன்ஷியல் (இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக்கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) மாட்டியிருக்கும் இடத்தில் டிக்கியின் அடித்தகடு விரிசல் விடுவதுண்டு. டிக்கிக் கம்பளத்தைத் தூக்கிப் பார்க்காமல் அதை வாங்கக் கூடாது. 1996-இல் வந்த முதல் மெர்சிடிஸ் எஸ்எல்கே, பொத்தானை அழுத்தினால் இரும்புக் கூரையே மடிந்து உள்ளே போகும் வித்தையைக் காட்டியது. மூடிய நிலையில் அசல் மூடிய கார் போலவே அமைதி. ஆனால் கூரை மடிந்ததும் டிக்கியில் பாதிக்கு மேல் இடம் போய்விடும். கூரையைத் தூக்கி மடிக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர்கள் வயதாகி எண்ணெய் கசியத் தொடங்கினால், வித்தை பாதியில் நின்றுவிடும். பாதி திறந்த கூரையோடு மழையில் நிற்பவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

என்னை உண்மையில் சபலப்படுத்தியது டொயோட்டா எம்ஆர்2 ஸ்பைடர். எஞ்சின் நடுவில், எடை ஒரு டன்னுக்கும் கீழே, கையால் ஒரே வீச்சில் மடிக்கும் துணிக்கூரை. ஆரம்பகால மாடல்களில் எஞ்சின் எண்ணெய் குடிப்பதும், எஞ்சினுக்கு ஒட்டியிருக்கும், புகையைச் சுத்தம் செய்யும் முன்கேட்டலிஸ்ட் நொறுங்கி உள்ளே உறிஞ்சப்படுவதும் தெரிந்த குறைகள். 2003 வாக்கில் வந்த திருத்தப்பட்ட மாடல்கள் தேவலை. ஆனால் நான் அதைக் கைவிட்டதற்குக் காரணம் அதுவல்ல. அதில் டிக்கி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. இருக்கைகளுக்குப் பின்னால் பூட்டக்கூடிய சிறு பெட்டி இருக்கிறது, அவ்வளவுதான். வாரச் சந்தைக்குப் போய்விட்டு ஒரு மூட்டையை மனைவியின் மடியில் வைத்துக்கொண்டு வருவது ஒருமுறை வேடிக்கை. மறுமுறை சண்டை.

கடைசியில் நான் வந்து சேர்ந்தது எல்லோரும் வந்து சேரும் இடம்தான்: மாஸ்டா எம்எக்ஸ்-5. இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. வித்தியாசமாக எதையாவது கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் கணக்கு எங்கே போட்டாலும் விடை அங்கேதான் வந்தது. பிரிட்டிஷ் எம்ஜிபி 1980-இல் நின்றுபோன பிறகு, எளிய, இலகுவான, பின்சக்கர இயக்கமுள்ள ரோட்ஸ்டர் (இரண்டு இருக்கை திறந்த கார்) என்ற ரகம் ஏறக்குறைய அழிந்துவிட்டது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் மாஸ்டா அந்த ரகத்தை மீண்டும் கொண்டுவந்தது. எண்ணெய் ஒழுகாமல், மழையில் மக்கர் செய்யாமல். 2016-இல் பத்து லட்சமாவது கார் தயாரானது. அவ்வளவு கார்கள் ஓடுவதால்தான் உதிரிபாகம் கிடைக்கிறது, மெக்கானிக்குகளுக்குக் கை பழகியிருக்கிறது, எந்தப் பாகம் எப்போது தேயும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பழைய கார் வாங்குகிறவனுக்கு இதைவிடப் பெரிய காப்பீடு இல்லை.

தலைமுறைகளுக்குள் தேர்வு தனி விவகாரம். 1989 முதல் 1997 வரை வந்த முதலாவதில் விளக்குகள் தவளைக்கண் போல எழும்பும். அதற்காகவே உயிரை விடுகிறவர்கள் இருக்கிறார்கள், விலையும் அதற்கேற்ப ஏறிவிட்டது. மிக ஆரம்பகால 1.6 லிட்டர் எஞ்சின்களில், சுமார் 1991 வரை, கிராங்க் தண்டின் முன்முனை பலவீனமானது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் தலைமுறையின் பின் ஜன்னல் பிளாஸ்டிக். வயதானால் மஞ்சளித்து மங்கிவிடும், குளிரில் மடித்தால் கீறிவிடும். 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாவதில் பின் ஜன்னல் கண்ணாடியானது. பனி படிந்தால் சூடாக்கித் துடைக்கும் கம்பிகளும் அதில் உண்டு. டிக்கியும் கொஞ்சம் பெரிது. தினசரிக்கு இந்த ஒரு மாற்றமே போதும் என்று நினைத்தேன். 2005 முதல் வந்த மூன்றாவது இன்னும் வசதியானது, எஞ்சின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி, வேண்டுமானால் மின்சாரத்தில் மடியும் கெட்டிக் கூரை. உயரமானவர்கள் நேராக அதற்கே போய்விடலாம். நான் நடுத்தர உயரம். இரண்டாவதில் 1.8 லிட்டர் எஞ்சினோடு ஒன்றைத் தேடி எடுத்தேன்.

இனி, பார்க்கப் போகும்போது என்ன செய்ய வேண்டும் என்ற விஷயம். இதில் எனக்குக் கைகொடுத்தவர் ஒரு பழைய மெக்கானிக். எஞ்சினைப் பற்றி அவரிடம் நான் அடுக்கிய கேள்விகளைக் கேட்டுவிட்டு, "தம்பி, எஞ்சினை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் கம்பளத்துக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள்" என்றார்.

"எதற்கு அண்ணே?"

"ஈரம் இருந்தால் அந்தக் கார் உள்ளேயிருந்து அழுகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்."

அவர் சொன்னதன் விவரம் இது. துணிக்கூரையின் மேல் விழும் மழைநீர் பின்பக்கமாக வழிந்து, கூரை உடம்போடு சேரும் இடத்தில் உள்ள ஒரு ரப்பர் வாய்க்காலில் விழும். அங்கிருந்து, சீட் பெல்ட் தூண்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இரண்டு துளைகள் வழியாகக் குழாயில் இறங்கி, பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் காரின் அடியில் வெளியேற வேண்டும். மரத்தடியில் நிற்கும் காரில் இலைச்சருகும் மகரந்தமும் தூசும் சேர்ந்து அந்தத் துளைகளில் சேறாகக் கட்டிக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் எங்கே போகும்? ஒன்று, வாய்க்கால் நிரம்பி இருக்கைக்குப் பின்னால் கம்பளத்தில் இறங்கும். அல்லது கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிபோன்ற அடிச்சட்டத்துக்குள் தேங்கி, அதை உள்ளிருந்தே தின்னும். வெளியே பெயிண்டில் சிறு கொப்புளம் தெரியும் நேரத்தில் உள்ளே தகடு காகிதமாகியிருக்கும்.

ஆகவே ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுபோங்கள். விற்பவரிடம் அனுமதி கேட்டு, கூரையைப் பாதி தூக்கி, அந்தத் துளையில் மெதுவாக ஊற்றுங்கள். இன்னொருவரை அடியில் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். சில நொடிகளில் சக்கரத்துக்கு முன்னால் சொட்டத் தொடங்கினால் குழாய் திறந்திருக்கிறது. சொட்டவே இல்லையென்றால் அந்த நீர் எங்கோ தங்கியிருக்கிறது. பிறகு பின்சக்கர வளைவுக்கு முன்னால், அடிச்சட்டத்தின் கீழ்முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வைத்து நகர்த்தினால், இரும்புக்குப் பதிலாகப் பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது. நான் பார்த்த ஒரு காரில் காந்தம் ஒரு முழ நீளத்துக்கு எங்கேயும் நிற்கவில்லை. மேலே புத்தம் புதுப் பெயிண்ட். விற்பவர், "காந்தம் பழசாக இருக்கும்" என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

இந்த நீர்ப்பிரச்சினை ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியதல்ல, துணிக்கூரை போட்ட எல்லாக் கார்களின் சாபம். 2002-இல் வந்த பிஎம்டபிள்யூ இசட்4-இல் கூரையை இயக்கும் மோட்டார், பின்மூலையில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். வடிகால் அடைத்தால் முதலில் முழுகுவது அதுதான். பாக்ஸ்டரில் இருக்கைக்கு அடியில் அலாரம், பூட்டு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி இருக்கிறது. அதில் தண்ணீர் புகுந்தால் கார் கிளம்பவே மறுக்கும். எந்த மாடலைப் பார்க்கப் போனாலும், அதன் வடிகால்கள் எங்கே, தண்ணீர் தேங்கினால் முதலில் நனைவது எது என்ற இரண்டையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள். எஞ்சின் அளவு தெரியாவிட்டால்கூடப் பரவாயில்லை. இரண்டாம் தலைமுறை எம்எக்ஸ்-5 என்றால் இன்னொன்றும் உண்டு. முன்பக்க அடிச்சட்டங்கள் இரட்டைத் தகடு என்பதால் இடையில் துரு பிடிக்கும். கடற்காற்றும் சாலை உப்பும் கண்ட கார்களில் இது அதிகம். ஜாக்கி போட்டுத் தூக்கித்தான் பார்க்க முடியும்.

துணியைப் பார்ப்பது எளிது. மடிப்பு விழும் இடங்களில் தேய்ந்திருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, உள்ளே உட்கார்ந்து மேலே பார்த்தால் ஊசிமுனை அளவு வெளிச்சம் எங்காவது தெரிகிறதா? கதவுக் கண்ணாடியும் கூரை ரப்பரும் சேரும் இடத்தில் ஒரு காகிதத்தை வைத்துக் கண்ணாடியை ஏற்றுங்கள். இழுத்தால் தடையில்லாமல் வந்துவிட்டால், மழையில் உங்கள் தோள் நனையும். துணி மோசமாக இருப்பதனாலேயே காரை ஒதுக்க வேண்டியதில்லை. துணியை மாற்றலாம், தகட்டை மாற்றுவதுதான் கஷ்டம். நைந்த கூரையும் நல்ல அடிச்சட்டமும் உள்ள கார் கிடைத்தால், கூரையைக் காட்டி விலையைக் குறைத்து வாங்குவதே கெட்டிக்காரத்தனம்.

ஓட்டிப் பார்க்கும்போதும் முதல் பாதி கூரை மூடித்தான். வேகமான சாலையில் ஒருமுறை போய், பக்கத்தில் இருப்பவரிடம் சாதாரணக் குரலில் பேச முடிகிறதா என்று பாருங்கள். கூரை மூடிய நிலையில் பின் ஓரங்களில் பெரிய குருட்டுப் பகுதி இருக்கும். சிறு சாலையிலிருந்து சாய்வாகப் பெருஞ்சாலையில் சேரும்போது அது எவ்வளவு தொல்லை என்பதை விற்பவரின் தெருவிலேயே சோதித்துவிட வேண்டும். உயரமான வண்டிகளில் இருப்பவர்களின் கண்ணுக்கு நீங்கள் படவே மாட்டீர்கள் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். முதுகு வலி உள்ளவர்கள், காருக்குள் இறங்கி ஏறுவதை நாலைந்து முறை செய்துபார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. கிளட்ச் கனமாகவோ தளர்வாகவோ இருந்தால் கிளட்ச் சிலிண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். மலிவான பாகம்தான், ஆனால் நடுவழியில் நிறுத்திவிடும். எம்எக்ஸ்-5-இன் முதல் இரண்டு தலைமுறைகளில் டைமிங் பெல்ட்டை ஏறக்குறைய 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ரசீது கேளுங்கள், வாய்வார்த்தை வேண்டாம். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. குறைவாக ஓடும் இத்தகைய கார்களில் பூ தேயாமலே டயர் கிழடாகியிருக்கும். ஈரச்சாலையில் பின்சக்கர இயக்கத்தோடு அது சேர்ந்தால் ஆபத்து.

சக்தி குறைவு என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். என் காரின் எஞ்சின் சுமார் 140 குதிரைத்திறன். எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும். நகரத்து வேகத்திலேயே இரண்டாம் கியரை முழுக்க இழுத்து, மூன்றாவதுக்கு மணிக்கட்டை ஒரு சொடுக்கில் மாற்ற முடிகிறது. 300 குதிரைத்திறன் உள்ள காரில் அதே இரண்டாம் கியரை முழுக்க இழுத்தால் போலீஸ்காரரிடம்தான் போய் நிற்க வேண்டும். தினமும் ஓட்டுகிறவனுக்கு, வரம்புக்குள்ளேயே சுவை தரும் கார்தான் வேண்டும்.

வாங்கிய பிறகு பழக்கங்கள் சில மாறின. கூரை ஈரமாக இருக்கும்போது மடிப்பதில்லை, மடித்தால் பூஞ்சை பிடிக்கும். இயந்திரத் தூரிகை வைத்துக் கழுவும் இடங்களுக்குப் போவதில்லை. வடிகால் துளைகளை மெல்லிய நைலான் கம்பியால் அவ்வப்போது குத்திவிடுகிறேன். இரும்புக் கம்பி குழாயைக் கிழித்துவிடும். காருக்குள் கண்ணில் படும்படி எதையும் வைப்பதில்லை. ஒரு பையைத் திருட நினைப்பவன் கதவைத் திறக்கச் சிரமப்படமாட்டான், துணியைக் கத்தியால் கீறிவிடுவான், அந்தக் கூரையின் விலை பையைப்போலப் பல மடங்கு. பேட்டரி டிக்கிக்குள் இருப்பதால், மாற்றும்போது வாயு வெளியேற்றும் குழாய் பொருத்தக்கூடிய ரகத்தையே கேட்டு வாங்கினேன். கிடைத்த பேட்டரியைப் போட்டுவிடலாம் என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்கவில்லை. வெயில் விஷயத்தில் தொப்பி மட்டும் போதாது, காதும் பின்கழுத்தும் கருகும். காலையிலும் மாலையிலும் திறந்து, நடுப்பகலில் மூடிவிடுவதே வழக்கமாகிவிட்டது. குளிர்நாளில் பக்கக் கண்ணாடிகளை ஏற்றி, காலுக்குச் சூடுகாற்றை வைத்துக்கொண்டு கூரையைத் திறந்தால், வெயில்நாளைவிட அது சுகம். இருக்கைகளுக்குப் பின்னால் மாட்டும் காற்றுத்தடுப்புத் தகடு இருந்தால் முதுகில் குளிர் அடிக்காது. பழைய காரோடு அது வராவிட்டால் தேடி வாங்கிவிடுங்கள்.

எப்போது வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: மழையோ குளிரோ உச்சத்தில் இருக்கும்போது. அப்போதுதான் வாங்குவோர் குறைவு, விற்பவர் இறங்கிவருவார். கம்பளம் ஈரமா காய்ந்ததா என்று கேட்கவும் வேண்டியதில்லை, வானமே சோதித்துக் காட்டிவிடும். பேசி முடித்த விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடத்திலேயே டயர், பெல்ட், எண்ணெய் வகைகள், ரப்பர்கள் என்று அது போய்விடும். என் காரில் இன்னும் பின் பிரேக் காலிப்பர்களைப் பிரித்துச் சுத்தம் செய்யும் வேலை பாக்கி இருக்கிறது. மெக்கானிக் அண்ணன் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.